எச்சம் என்று துடைத்துவிடாதீர்கள்

"அக்கா, நீங்க குடுத்த தன்பயாச் செடியில என்னமோ நோய் விழுந்திருச்சு. இலை மேல குருவி எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. குச்சியால தள்ளினா நெளியுது!"

முதல் மழை விழுந்து இரண்டு மூன்று வாரம் ஆனால் போதும், இந்த மாதிரிப் போன் வர ஆரம்பித்துவிடும். ரங்கூனில் தாமுவே பக்கம் செடிக்கடை வைத்து 18 வருஷமாகிறது. வீடு, கோயில், மாடி பால்கனி என்று தோட்டம் போட்டுக் கொடுப்பதும் என் பிழைப்புதான். தன்பயா என்றால் பர்மிய மொழியில் எலுமிச்சை. இங்கே நம் வீடுகளிலும் அந்தப் பேர்தான் முதலில் வாயில் வரும்.

நெளிகிற அந்த எச்சம், எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. கறுப்பும் பழுப்புமாய் உடம்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. பறவை பார்த்தால் தன் எச்சம்தான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். நான்கு முறை தோலுரிக்கும். கடைசித் தோல் உரிந்ததும் வேஷம் மாறி இலைப்பச்சைக்கு வந்துவிடும். அத்தனை பெரிய எச்சம் போடும் குருவி எங்கள் தெருவில் கிடையாது என்பது அதற்கும் தெரியும் போல. அந்தப் பச்சைப் புழுவின் தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். செம்மஞ்சளில் கவைக்குச்சி மாதிரி ஒரு கொம்பு சட்டென்று வெளியே வரும். கூடவே அழுகின எலுமிச்சைத் தோல் போல ஒரு நாற்றம். கொட்டாது, கடிக்காது, அரிப்பும் வராது. என் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை.

போன் பண்ணுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: மருந்து. எனக்குச் சிரிப்பு வருவது எங்கே என்றால், அதே ஆள் போன மாதம் வந்து, "தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி வரணும், நல்ல பூச்செடியா குடு" என்று கேட்டிருப்பார். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், நான் சித்தி என்று கூப்பிடுபவர், 12 தொட்டி இட்லிப்பூ வாங்கிப்போய் வரிசையாக வைத்தார். பூச்சிகள் வந்தன, குடித்தன, போய்விட்டன. "தங்கவே மாட்டேங்குதேம்மா" என்று குறைப்பட்டார். பின்கட்டில் எட்டிப் பார்த்தால், கறிவேப்பிலை மரம் பளபளவென்று ஒரு ஓட்டை இல்லாமல் நிற்கிறது. வாரம் தவறாமல் மருந்தடிப்பாராம்.

பூ அதற்கு டீக்கடை மாதிரி. குடும்பம் நடத்துவது இலையில். அதிலும் எந்த இலையாக இருந்தாலும் சரி என்று போகாது. முட்டையிட வந்த பெண் பூச்சியை ஐந்து நிமிஷம் நின்று கவனித்தால் தெரியும். இலை இலையாக உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். கால்தான் அதற்கு நாக்கு. எலுமிச்சையா, கறிவேப்பிலையா, வேறு ஏதாவதா என்பது தட்டினதும் தெரிந்துவிடும். சரியான தளிர் கிடைத்தால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை, கடுகளவில் வெளிர்மஞ்சள் முத்து. அடுத்தது வேறு தளிரில். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இலையில் விட்டுப் பட்டினி போடுகிற புத்தி அதற்குக் கிடையாது.

இந்த விஷயம் எனக்கே முழுசாகப் புரிந்தது ஒரு கோயில் வேலையில். ஊருக்கு வெளியே ஒரு சின்ன அம்மன் கோயில். நந்தவனம் காடாகக் கிடக்கிறது, எருக்கையும் அரளியையும் பிடுங்கிவிட்டுப் புல்தரையும் சீமைப் பூச்செடியும் போட்டுத் தாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். அளவெடுக்கப் போனவள் வேலையை மறந்து அரளிப் புதருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். இலைக்கு அடியில் ஒரு வெள்ளிக் குண்டு தொங்கியது. வெள்ளி என்று சும்மா சொல்லவில்லை. புளி போட்டுத் தேய்த்த விளக்கு மாதிரி பளபளப்பு. என் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. அண்டங்காக்கை நிறத்தில் அரளியைச் சுற்றி மெதுவாகப் பறக்குமே, அந்த வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. புதருக்குள் எண்ணினால் ஒன்பது இருந்தன.

அப்புறம்தான் நந்தவனத்தையே வேறு கண்ணால் பார்த்தேன். பிள்ளையாருக்கு மாலை கட்ட வைத்த எருக்கில் வெந்தய வரியன். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று பட்டை போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. மடப்பள்ளி ஓரத்துக் கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி. வில்வத்திலும் அதே குடும்பம்தான் மேயும். சிவனுக்கு வைத்த சரக்கொன்றையில் இளமஞ்சள் கொன்றைவெள்ளைகள். அம்மனுக்கு மாலை கட்டுகிற எலுமிச்சையைச் சொல்லவே வேண்டாம். கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் சாமிக்கென்று வைத்த செடிகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பூச்சிக்குத் தாய்வீடாக இருந்திருக்கிறது. யாரும் யோசித்து வைத்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்று தாய்லாந்திலிருந்து வரும் விலை உயர்ந்த செடிகளை நானே பல வீட்டுக்குத் தலையில் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே பெண்கள் கன்னத்தில் பூசும் தனக்கா இருக்கிறதே, அதை இழைக்கிற மரமும் எலுமிச்சைக் குடும்பம்தான். நாம் மகாவில்வம் என்று சொல்வது அதே மரம்.

எருக்கும் அரளியும் விஷச் செடிகள். அதை மறைத்து நான் விற்பதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளியில் இலை, பூ, வேர் எதைத் தின்றாலும் இதயத்தைப் பாதிக்கும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டும் வேண்டாம், கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். புழு மட்டும் அந்த விஷத்தை எப்படித் தின்கிறது? பால் ஓடும் நரம்பை முதலில் கடித்துவிடும், பால் வடியட்டும் என்று காத்திருக்கும், பிறகு நிதானமாகத் தின்னும். உள்ளே போன விஷத்தையும் வீணாக்காமல் உடம்பில் சேர்த்துவைக்கும். ஒரு முறை வெந்தய வரியனைத் தின்று வாந்தியெடுத்த பறவை மறுபடி அந்த நிறத்துப் பக்கம் போகாது. அதனால்தான் அது அத்தனை சாவகாசமாகப் பறக்கிறது. கறிவேப்பிலை அழகியிடம் விஷம் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை, விஷமுள்ள ரோஜா அழகியின் சிவப்புப் புள்ளியை அப்படியே போட்டுக்கொண்டு திரியும். ஒரே மரத்தில் பிறந்த இரண்டு பெண்கள் வேறு வேறு இனம் போலத் தெரிவார்கள். இந்த வேஷத்துக்கு ஒரே ஒரு மரபணுதான் பொறுப்பு என்று 2014இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு புழு, மூன்று புழு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், தப்பில்லை. முப்பது நாற்பது என்று பெட்டியில் அடைத்து வளர்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்றுக்கு நோய் வந்தால் இரண்டே நாளில் எல்லாம் கறுத்து ஒழுகிப்போகும்.

பாட்டிலும் வேண்டாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஊறுகாய் பாட்டிலில் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்தான். விடிகாலையில் வெளியே வந்த பூச்சி வழுக்குகிற கண்ணாடியில் ஏற முடியாமல் அடியிலேயே கிடந்திருக்கிறது. கூட்டிலிருந்து வரும்போது இறக்கை ஈரத்துணி மாதிரி கசங்கித்தான் இருக்கும். உயரமாக எதையாவது பிடித்துத் தொங்கினால்தான் உடம்பிலிருந்து நீர் இறங்கி இறக்கை விரியும். அந்த நேரம் தவறிவிட்டால் கசங்கினது கசங்கினபடியே காய்ந்துவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பையன் அழுதுகொண்டே கொண்டுவந்தான். தேன் தண்ணீர் தொட்டு வைத்தோம். நான்கு நாள் இருந்தது.

கொசுவலைத் துணியில் தைத்த பெட்டி போதும். அரை முழம் அகலம், ஒரு முழம் உயரம். தளிர்க் கிளையை ஒடித்துத் தண்ணீர்ச் சீசாவில் சொருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லையென்றால் புழு இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். தினம் புழுக்கையைத் தட்டி, புது இலை. வெயிலில் வைக்காதீர்கள். ஒரு நாள் புழு தின்பதை நிறுத்திவிட்டு, தண்ணியாகக் கழிந்து, பெட்டி முழுக்க அலையும். நோய் என்று பயந்து எனக்குப் போன் பண்ணுவார்கள். கூடு கட்ட இடம் தேடுகிறது, அவ்வளவுதான். அழகிகள் இடுப்பில் ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு கிளையில் சாய்ந்து நிற்கும், தென்னை ஏறுகிறவர் கயிற்றில் சாய்ந்த மாதிரி. வரியன்களும் அரளிப் பூச்சியும் தலைகீழாகத் தொங்கும். எலுமிச்சை அழகிக்கு இந்த ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து பறப்பது வரை ஏறக்குறைய ஒரு மாதம். பூச்சி வெளிவந்ததும் சிவந்த நீர் சொட்டும். ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. அப்போது கவனமாகப் பார்த்தால், உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாக இருப்பதும், சுருட்டிச் சுருட்டி நீட்டி அதை ஒன்றாகப் பூட்டிக்கொள்வதும் தெரியும். நான் இத்தனை வருஷத்தில் மூன்று தடவைதான் அதை முழுசாகப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கூட்டிலிருந்தும் பட்டாம்பூச்சி வராது. சிலது கறுத்து, குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கை நிறையக் குட்டிக் குளவிகள் பறந்து போகும். பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். குளவிக்கும் அதுதான் தாய்வீடு, என்ன செய்வது? எலுமிச்சைப் புழு ஊர் முழுக்க மொட்டையடிக்காமல் இருப்பதற்கு அந்தக் குளவியும் முசுறு எறும்பும் ஒரு காரணம். மருந்தடித்தால் முதலில் ஒழிவது இவைதான்.

மருந்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் மொத்த வியாபாரி ஒருவரிடம் எலுமிச்சைக் கன்று இறக்கினேன். செழிப்பான கன்று, ஒரு பூச்சிக்கடி கிடையாது. அதைப் பார்த்து நல்லது என்று எனக்குத் தோன்றியிருக்கக் கூடாது. பெட்டியில் இருந்த 11 புழுவுக்கும் அந்தத் தளிரையே போட்டேன். மறுநாள் காலை எல்லாம் வளைந்து துடித்துக்கொண்டிருந்தன. மாலைக்குள் ஒன்றும் மிச்சமில்லை. விசாரித்தால் வேரில் ஊற்றுகிற மருந்தாம். மேலே கழுவினால் போகாது, செடிக்குள்ளேயே ஓடும். இலை, பூந்தேன் எல்லாவற்றிலும் இருக்கும். அதிலிருந்து எந்தக் கன்று வாங்கினாலும் இரண்டு முறை புதுத் துளிர் விடும்வரை புழுவுக்குக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர்களிடமும் அதையே சொல்கிறேன். ஓட்டையே இல்லாத கன்றைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பார்கள். இயற்கைதான், புழு தோலுரிக்க முடியாமல் சாவதும் அதனால்தான்.

அதற்காக வியாபாரத்தை விட்டுக்கொடுத்துப் பேசவும் மாட்டேன். முழங்கால் உயரக் கன்றில் பத்துப் புழு இருந்தால் ஒரு வாரத்தில் குச்சிதான் மிஞ்சும். என் கடைக் கன்றுகளில் நானும் தினம் காலையில் பொறுக்குகிறேன். பொறுக்கினதைப் பின்னால் நிற்கிற பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுவேன். ஆள் உயர மரத்துக்கு இருபது புழு ஒரு பொருட்டே இல்லை. தின்ற இடத்திலிருந்தே மறு துளிர் வரும்.

பூச்சிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று தட்டில் நிரப்பி வைப்பது இப்போது பழக்கமாகி வருகிறது. மழைக்காலத்தில் டெங்குக் கொசுவுக்கு அது போதும். ஆற்றுமணலைத் தட்டில் கொட்டி, கைப்பிடித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் தெளித்து ஈரமாக வைத்தால் சரி. ஆண் பூச்சிகள் அந்த உப்புக்குத்தான் வருகின்றன.

பக்கத்துக் கடைப் பர்மியப் பெண்மணி என் பெட்டிகளை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். பர்மிய மொழியில் வண்ணத்துப்பூச்சிக்கும் மனிதனின் உயிருக்கும் லெய்ப்பியா என்று ஒரே சொல். பயந்த குழந்தையை, லெய்ப்பியா பறந்துவிட்டது என்பார்கள். அடைத்து வைக்கிறாயே என்று கேட்டவர், ஒரு நாள் நான்கு பூச்சிகளைத் திறந்துவிட்டபோது வேலையை விட்டு வந்து நின்று பார்த்தார். இப்போது கறிவேப்பிலைக் கட்டில் புழு இருந்தால் வெட்டி எறியாமல் என்னிடம் கொண்டுவந்து தருகிறார்.

அந்தக் கோயிலில் புல்தரை போட்டார்கள், முன்பக்கம் மட்டும். பின்னால் எருக்கும் அரளியும் அப்படியே நிற்கின்றன. கமிட்டிக்காரர்களை அரளிப் புதருக்குக் கீழே உட்காரவைத்துக் காட்டினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. அங்கே வெடித்த காயிலிருந்து பொறுக்கின எருக்கு விதை ஒரு டப்பா நிறையக் கடையில் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கன்று வளர்ந்தபின் கிளை ஒடித்த கையால் கண்ணை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.