புரோட்டோக்கால் – நெறிமுறை: சொல் விளக்கம்

கம்பியில்லா அணுகுமுனை (வைஃபை இணைப்பு வழங்கும் கருவி) ஒன்றின் அமைப்புப் பக்கத்தில் ‘எஸ்என்எம்பி’ என்ற சுருக்கம் பெரும்பாலும் இருக்கும். ‘சிம்பிள் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் புரோட்டோக்கால்’ என்பது அதன் விரிவு. தமிழில் எளிய பிணைய மேலாண்மை நெறிமுறை. பல இடங்களில் பொருத்தப்பட்ட அணுகுமுனைகள் இயங்குகின்றனவா, அவற்றின் வழியே எவ்வளவு தரவு போகிறது என்பவற்றை ஓரிடத்திலிருந்தே கேட்டறிய உதவும் ஏற்பாடு இது. இப்பெயரில் நின்று பார்க்க வேண்டியது கடைசிச் சொல்.

புரோட்டோக்கால் கிரேக்க வழி வந்தது. ‘புரோட்டோஸ்’ என்றால் முதல். ‘கொல்லா’ என்றால் பசை. பாப்பிரஸ் என்ற பழங்கால நாணல் தாள் சுருளின் முகப்பில் ஒட்டப்பட்ட முதல் தாளுக்கு அதுவே பெயர். ஆவணம் மெய்யானதா என்பதற்கு அந்தத் தாள் சான்றாக இருந்ததால், அதை வெட்டியெடுக்கக் கூடாது என்று 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டமே இயற்றினார். பிறகு அச்சொல் ஆவணத்தின் மூலப்படி, ஒப்பந்த வரைவு, அரசமுறை ஒழுங்கு எனப் பொருள் விரிந்து, 1967இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பின் வழியே தரவுத் தொடர்புத் துறைக்குள் வந்தது.

தமிழில் இதற்கு வரைமுறை, உடன்படிக்கை, மரபொழுங்கு ஆகிய சொற்களும் வழங்குகின்றன. உடன்படிக்கை நாடுகளுக்கிடையே பொருந்தும், கருவிகளுக்கிடையே பொருந்தாது. நெறிமுறையே இங்குத் தகும் என்பது என் கருத்து. நெறி என்பது செல்லும் வழி; முறை என்பது ஒழுங்கு மட்டுமன்று, ‘இது உன் முறை’ என்னும்போது வரும் வாய்ப்பு வரிசையும்கூட. எந்த வடிவில் பேசுவது, யார் எப்போது பேசுவது என்ற இரண்டையும் வகுப்பதுதானே புரோட்டோக்கால்? மூலச்சொல்லில் இல்லாத தெளிவு தமிழ்ச் சொல்லில் அமைந்துவிட்டது. ‘எத்திக்ஸ்’ என்பதற்கும் சிலர் நெறிமுறை என்றே எழுதுவது குழப்பம் தருவதால், அதற்கு அறநெறியை ஒதுக்கிவிடலாம். (மேலாண்மையை இலங்கைத் தமிழர் முகாமைத்துவம் என்பர், இரண்டும் நல்ல வழக்கே.)

எஸ்என்எம்பியில் முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கேள்வியில் காணலாம். மேலாண்மைக் கணினி, அணுகுமுனையின் யுடிபி (தரவைப் பொதிகளாக அனுப்பும் ஒரு நெறிமுறை) 161ஆம் வாயிலுக்கு, அதாவது ‘போர்ட்’டுக்கு, 1.3.6.1.2.1.1.3.0 என்ற எண்தொடரை (கேட்கும் தகவலின் அடையாள எண்) அனுப்பினால், எஸ்என்எம்பி சேவை இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது நொடியின் நூறில் ஒரு பங்கு அலகில் விடையாக வரும். அந்த விடை 32 பிட் அளவுக்குள் அடங்க வேண்டிய எண்ணாதலால் ஏறத்தாழ 497 நாளில் அது சுழியத்துக்குத் திரும்பும்; கருவி தானாக அணைந்து எழுந்ததோ என்று அப்போது மயங்க வேண்டியதில்லை. கேள்வி வராமலேயே, தன் முறைக்குக் காத்திராமல், அணுகுமுனை மேலாண்மைக் கணினியின் 162ஆம் வாயிலுக்கு அனுப்பும் செய்திக்கு ‘டிராப்’ என்று பெயர். இதைப் பொறி என்று மொழிபெயர்ப்பது பிழை. இங்கு எதுவும் சிக்குவதில்லை. முன்னறிவிப்பு என்பதும் ஒவ்வாது, நடந்தபின் வருவதால். நிகழ்வறிவிப்பு என்றால் போதும்.

இதைவிடத் தொல்லை தருவது, கேள்வியோடு சேர்த்து அனுப்பப்படும் சொல்லுக்கு வழங்கும் ‘கம்யூனிட்டி ஸ்ட்ரிங்’ என்ற பெயர். சமூகச் சரம் என்று அப்படியே பெயர்த்தால், அமைப்பவருக்கு அது கடவுச்சொல்லின் வேலையைச் செய்கிறது என்பதே புலப்படாது. குழுக் கடவுச்சொல் என்பது பொருத்தம். பல கருவிகளில் படிப்பதற்குப் ‘பப்ளிக்’, மாற்றுவதற்குப் ‘பிரைவேட்’ என்ற முன்னிருப்புச் சொற்களே இருந்துவந்தன. அவற்றை அப்படியே விடுவது கதவைத் திறந்துவைப்பதுதான். மாற்றினாலும், எஸ்என்எம்பியின் முதற்பதிப்பிலும், இரண்டாம் பதிப்பின் வடிவமான 2சி பதிப்பிலும் அச்சொல் மறைக்கப்படாமலே பிணையத்தில் செல்கிறது.

2002இல் செந்தரமான மூன்றாம் பதிப்பு இக்குறையைத் தீர்த்தது. அதில் பயனர்பெயர் உண்டு. சரிபார்ப்பும் மறையாக்கமும் (பிறர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றுவது) இல்லாத நிலை, சரிபார்ப்பு மட்டும் உள்ள நிலை, இரண்டும் உள்ள நிலை என மூன்று பாதுகாப்பு நிலைகளும் உண்டு. அணுகுமுனையில் மூன்றாம் பதிப்பின் மூன்றாவது நிலையைத் தேர்ந்து, பழைய பதிப்புகளை அணைத்து, மாற்றும் உரிமை தேவையில்லையெனில் படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்து, 161ஆம் வாயிலுக்கு மேலாண்மைக் கணினியின் முகவரியிலிருந்து வரும் கேள்விகளை மட்டும் அனுமதிக்க வேண்டும்.