சொல் விளக்கம்: படிகமிலா அலுமினியக் கலவை

'அமார்ஃபஸ்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'மார்ஃபே' என்றால் வடிவம். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உருவமற்ற' என்று எழுதுகிறோம். உலோகத்துக்கு அது பொருந்தவே இல்லை. கையில் எடுத்தால் பளபளக்கும் நாடா, சில மில்லிமீட்டர் அகலம், 20 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமன். உருவத்துக்கு என்ன குறை? இல்லாதது உள்ளே அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, அதாவது படிகம். ஆகவே 'படிகமிலா உலோகக்கலவை' என்றே எழுதுவோம். 'உலோகக் கண்ணாடி' என்றும் வழங்குகிறது. அதைப் படிப்பவர் ஒளி ஊடுருவும் என்று நினைத்துவிடுவார். ஊடுருவாது.

படிகம் என்ற சொல் 'ஸ்படிக'த்திலிருந்து வந்தது. அலுமினியம் என்பது 'அலுமென்' என்னும் லத்தீன் சொல்லின் வழி. அதன் பொருள் படிகாரம். படிகாரத்தின் பெயருக்குள்ளேயே படிகம் இருக்கிறது, பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே உருக்காலையில் வார்க்கும் அலுமினியக் கட்டி முழுக்கப் படிகம்தான். உருகிய தூய அலுமினியம் ஆறும்போது அணுக்கள் மளமளவென்று அடுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கும் வழியை டர்பன் வீடுகளில் தீபாவளிப் பலகாரம் செய்பவர்கள் அறிவார்கள்: சீனிப் பாகு பூத்துப்போகாதிருக்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. புளிப்பு சீனியில் ஒரு பங்கைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைக்கிறது. வேறு வேறு மூலக்கூறுகள் நடுவே புகுந்தால் சீனி அடுக்க முடியாமல் திணறும். உலோகத்தில் அந்த வேலையைச் செய்பவை, அணு அளவில் அலுமினியத்திலிருந்து வேறுபடும் நிக்கல், யிட்ரியம் என்னும் உலோகங்கள். அலுமினிய அணுவின் ஆரம் 0.143 நானோமீட்டர், நிக்கல் 0.125, யிட்ரியம் 0.180. பெயர்பெற்ற ஒரு கலவையில் 100 அணுவுக்கு அலுமினியம் 85, யிட்ரியம் 8, நிக்கல் 5, கோபால்ட் 2.

1960இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் போல் டூவெஸ் குழு தங்கம்–சிலிக்கனில் முதல் உலோகக் கண்ணாடியை எடுத்தது. வளையக்கூடிய, வலிமையான அலுமினிய வகை 1988இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வந்தது.

செய்முறை: ஆர்கான் வாயுவில் கலவையை மின்வில்லால் உருக்கி, கட்டியைப் பலமுறை புரட்டி மறுபடி உருக்க வேண்டும், இல்லாவிட்டால் யிட்ரியம் ஒரு பக்கமே தங்கிவிடும். பிறகு குவார்ட்ஸ் குழாயின் துளை வழியே, விளிம்பு வினாடிக்கு 30–40 மீட்டர் ஓடும் செப்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்ச வேண்டும். வினாடிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் பாகை வேகத்தில் குளிரும். சக்கரம் மெதுவானால் நாடா தடித்து, சக்கரத்தைத் தொடாத பக்கத்தில் படிகம் முளைக்கும். ஆக்சிஜன் புகுந்தால் யிட்ரியம் ஆக்சைடாகி, அந்தத் துகளே படிகத்துக்கு வித்தாகும்.

நாடாவை மறுபடி சூடாக்கினால் படிகம் திரும்பும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது: தானாக நிகழ்வது படிகமாதல், நாம் வேண்டிச் செய்வது படிகமாக்கம். முதல் கட்டத்தில் சுமார் 10 நானோமீட்டர் அளவில் தூய அலுமினியப் படிகங்கள் தோன்றும். அவை வெளியே தள்ளும் யிட்ரியம் மெதுவாகவே நகரும். படிகத்தைச் சுற்றிக் குவிந்து மேற்கொண்டு வளரவிடாது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டி நிற்கும் இழுவலிமை, சில கலவைகளில் 1,500ஐயும் தாண்டும். விமானத்துக்கு உதவும் 7075 கலவைக்குச் சுமார் 570தான். சூடு மிஞ்சினால் இரண்டாம் கட்டம்: அலுமினியம்–நிக்கல், அலுமினியம்–யிட்ரியம் சேர்மங்கள் பிறந்து எல்லாம் நொறுங்கும்.

எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பது கலவைக்குக் கலவை மாறும். சூடேறும் பொருள் விடும் வெப்பத்தை வரைந்து காட்டும் வெப்ப அளவியில், படிகமாதல் ஒரு முகடாகத் தெரியும்; சூடேற்றும் வேகத்தைக் கூட்டினால் அந்த முகடும் மேல் வெப்பநிலைக்கு நகரும். ஆகவே வேகத்தைக் குறிக்காத வெப்பநிலை எண்ணை நம்ப வேண்டாம். கைச்சோதனை ஒன்று உண்டு: நாடாவை இரண்டாக மடித்து அழுத்துங்கள். ஒடியாமல் மடிந்தால் இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். முதல் கட்டம் எவ்வளவு நடந்தது என்பதை எக்ஸ் கதிர்ச் சிதறல் வரைபடம்தான் சொல்லும்: அகன்ற மங்கல் மேடு மட்டும் இருந்தால் படிகமிலா நிலை, அதன்மேல் கூர்முகடு எழுந்தால் அலுமினியப் படிகம்.