உப்பு ஏறிய ஹேமக் காயாது

கடலோரச் சவுக்குத் தோப்பில் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்குபடுக்கை) கட்டி இரவு தங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, மழை வருமா?" என்பதுதான். ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைப் பக்கம் முகாமுக்கு ஆட்களை அழைத்துப் போகிற எனக்கு மழையைவிட உப்பைப் பற்றித்தான் கவலை.

ராமநாதபுரத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதோடு சரி. மற்ற மாதங்களில் வானம் வெளுத்துக் கிடந்தாலும் விடியும்போது துணி பிசுபிசுக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு நைலானில் படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் இது சாதாரணம். பகலில் மொறுமொறுவென்று காய்ந்த ஹேமக் இருட்டியதும் நமுத்துப்போவது இதனால்தான். வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் உப்பு போகாது. நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது அநியாயமாகத் தோன்றலாம். ஒரு வாளி போதும், சோப்பு வேண்டாம். கிடைப்பது உவர்த் தண்ணீர் என்றால் வீட்டுக்குப் போய் அலசிக்கொள்ளுங்கள்.

சரி, மழைக்கு வருவோம். பெரிய தார்ப்பாய் கட்டியும் நனைகிறவர்கள் உண்டு. மரத்தில் வழியும் தண்ணீர், ஹேமக்கை மரத்தோடு கட்டிய நாடாப்பட்டை வழியே நேராகப் படுக்கைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும், தார்ப்பாயின் நிழலுக்குள் வருகிற இடத்தில், பட்டையைச் சுற்றி ஒரு பருத்திக் கயிற்றை இறுக்கி முடிந்து நுனியைத் தொங்கவிடுங்கள். வரும் தண்ணீர் அதில் இறங்கிக் கீழே சொட்டிவிடும். பழைய வேட்டிக் கிழிசலே போதும்.

வாடைக்காலத்தில் சாரல் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். அந்தப் பக்கத்துத் தார்ப்பாயைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தை உயர்த்திக் கட்டுங்கள். இரண்டையும் இறக்கி மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமே உள்ளே வியர்த்துச் சொட்டும். நைலான் தார்ப்பாய் நனைந்தால் தொய்யும். படுக்கும்முன் இன்னொருமுறை இழுத்துக் கட்டுங்கள். மணலில் ஆப்பு நிற்காது. சாக்கில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினால் அசையாது. மார்கழி, தையில் மழையே இல்லாவிட்டாலும் பனிக்காகத் தார்ப்பாய் வேண்டும்.

தென்னையில் மட்டும் கட்டாதீர்கள். மட்டையும் காயும் நேரம் பார்த்து விழுவதில்லை. இடி கேட்டால் பனையடியிலோ தோப்பிலோ நிற்காமல், ஹேமக்கை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அது நனைந்தால் நனையட்டும்.

கிளம்பும்போது ஈரத் தார்ப்பாயை ஹேமக்கோடு சேர்த்துச் சுருட்ட வேண்டாம். தனியாக ஒரு உரச்சாக்கில் போட்டுப் பைக்கு வெளியே கட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வீடு போனதும் இரண்டையும் பிரித்து அலசி நிழலில் உலர்த்துங்கள். ஒரு வாரம் மூட்டையாகக் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். அப்புறம் அந்த வாடை லேசில் போகாது.