டேஷ்கேம் வயரிங்: ஃபியூஸ் பாக்ஸில் தொடங்கும் தவறுகள்

பெங்களூருவில் புதுக் கார் எடுப்பவர்கள் சீட் கவருக்கும் மேட்டுக்கும் அடுத்தபடியாக இப்போது கேட்பது டேஷ்கேம். சில்க் போர்டு சந்திப்பிலோ ஓசூர் ரோட்டிலோ பின்னால் வந்து இடித்துவிட்டு, "நீங்கதான் திடீர்னு பிரேக் போட்டீங்க" என்று சண்டைக்கு நிற்பவரிடம் காட்ட ஒரு பதிவு வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். கேமராவின் லென்ஸ், ரெசல்யூஷன், இரவில் நம்பர் பிளேட் தெரியுமா என்றெல்லாம் நன்றாக விசாரிக்கிறார்கள். அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கப்படும் என்று யாரும் கேட்பதில்லை. ஜே.சி. ரோட்டிலோ வீட்டருகே உள்ள அக்செசரி கடையிலோ அரை மணி நேரத்தில் வயரை உள்ளே தள்ளி மறைத்துக் கொடுக்கிறார்கள். வெளியே வயர் தெரியவில்லை என்றால் நல்ல வேலை என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அந்த வயர் எந்த ஃபியூஸிலிருந்து வருகிறது, அதற்கென்று தனி ஃபியூஸ் போட்டிருக்கிறார்களா, கார் நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? வேலையை மதிப்பிட இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில், ஃபியூஸ் பாக்ஸ் வரை போக வேண்டிய தேவை இருக்கிறதா என்று யோசியுங்கள். ஓட்டும்போது மட்டும் பதிவானால் போதும் என்றால் 12 வோல்ட் சாக்கெட்டில் கேமராவோடு வந்த சார்ஜரைச் செருகினாலே போதும். ஒன்று மட்டும் கவனம்: காரில் ஏற்கெனவே இருக்கும் யூ.எஸ்.பி. போர்ட்டில் கேமராவைச் செருகாதீர்கள். பழைய வகை போர்ட்டுகள் அரை ஆம்பியர்தான் தரும். முன், பின் இரண்டு கேமரா உள்ள செட் ஒன்றரை முதல் 2 ஆம்பியர் வரை கேட்கும். கரண்ட் போதாமல் கேமரா அணைந்து அணைந்து எரியும். பதிவு துண்டு துண்டாக இருக்கும். வண்டி நிற்கும்போதும் பதிவாக வேண்டும், அதாவது பார்க்கிங் மோடு வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஹார்ட்வயர் கிட் தேவை.

இந்தக் கிட்டில் ஒரு சிறிய டப்பாவும் மூன்று வயர்களும் இருக்கும். டப்பா பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும். வயர்களில் பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள இடத்துக்கும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏ.சி.சி. இடத்துக்கும், கறுப்பு பாடி எர்த்துக்கும் போகும். நிறம் கிட்டுக்குக் கிட் மாறக்கூடும் என்பதால் கூடவே வரும் தாளைப் பார்த்துவிடுங்கள். மஞ்சளையும் சிவப்பையும் எப்போதும் கரண்ட் உள்ள ஃபியூஸிலேயே சேர்த்துக் கொடுத்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் வண்டி ஓடுகிறது என்றே கேமரா நினைத்துக்கொண்டு இரவு முழுக்க முழுத்தரத்தில் பதிவு செய்யும். இரண்டையும் ஏ.சி.சி.யில் கொடுத்தால் பார்க்கிங் மோடு வேலை செய்யாது. ஆனால் ஆபத்தும் இல்லை. பார்க்கிங் மோடு வேண்டாதவர்களுக்கு அதுவே நல்ல வழி.

எங்களிடம் வேலைக்கு வரும் கார்களில் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இனிமேல்தான். ஃபியூஸை வெளியே எடுத்து, வயரின் முனையைச் சீவி, ஃபியூஸ் காலில் சுற்றி, அப்படியே திரும்ப அழுத்திவிடுவது. "ஒண்ணும் ஆகாது சார், எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்" என்பார்கள். அதில் இரண்டு கெடுதல்கள் உண்டு.

ஃபியூஸ் காக்க வேண்டியது முதலில் வயரை. பவர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 15 அல்லது 20 ஆம்பியர். அந்த இணைப்புக்குப் போகும் தடித்த வயருக்கு அது பொருத்தம். டேஷ்கேமின் மெல்லிய வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டுவிட்டால், 15 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் வயரின் பிளாஸ்டிக் உறை உருகத் தொடங்கிவிடலாம். சுற்றிய கால் ஃபியூஸுக்கு முந்தைய பக்கம், அதாவது கரண்ட் வந்து நிற்கும் பக்கமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த வயருக்கு அங்கே ஃபியூஸே இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் பெரிய மெயின் ஃபியூஸ் ஒன்றுதான் காவல். அது பல பத்து ஆம்பியருக்கானது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் மெல்லிய வயரை அது காப்பாற்றாது.

இரண்டாவது, வயர் சுற்றிய கால் உள்ளே போகும்போது ஃபியூஸ் பாக்ஸின் பித்தளைப் பிடி விரிந்துவிடுகிறது. பிறகு வயரை எடுத்துவிட்டாலும் பிடி பழைய இறுக்கத்துக்கு வராது. பிடி தளர்ந்தால் தொடர்பு சரியாக இருக்காது. அந்த இடம் சூடாகும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இளகும். ஆனால் ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவில்லை. கடைசியில் ஃபியூஸ் பாக்ஸையே மாற்ற வேண்டி வரும். டேஷ்கேம் வாங்கியதைவிடக் கூடுதல் செலவு.

சரியான பொருள் ஃபியூஸ் டேப் எனப்படும் சிறு அடாப்டர். விலை மிகக் குறைவு. கழற்றிய ஃபியூஸின் இடத்தில் இதைச் செருக வேண்டும். கீழ்ப் பள்ளத்தில் காரின் பழைய ஃபியூஸை அதே அளவில் போட வேண்டும். மேல் பள்ளத்தில் கேமராவுக்கான புதிய ஃபியூஸ், 2 அல்லது 3 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் ஊதா நிறத்தில் இருக்கும். கையில் இருந்தது என்று சிவப்பு நிற 10 ஆம்பியரைப் போட்டுவிட்டால் டேப் வாங்கியதே வீண். ஃபியூஸ் அளவுகளும் ஒன்றல்ல: ஸ்டாண்டர்டு, மினி, உயரம் குறைந்த லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று உண்டு. மினியும் லோ புரொஃபைல் மினியும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் தவறி வாங்குவது சகஜம். உங்கள் காரின் ஃபியூஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டேப்பைச் செருகும் திசை முக்கியம். திருப்பிப் போட்டாலும் கேமரா எரியும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அப்போது கேமராவின் கரண்டும் காரின் பழைய ஃபியூஸ் வழியாகத்தான் போகும். அந்த ஃபியூஸ் போனால் கேமராவும் அணையும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கீழ்ப் பள்ளத்தைக் காலியாக விட்டு, மேல் பள்ளத்தில் மட்டும் புதிய ஃபியூஸைப் போட்டுச் செருகுங்கள். ஏ.சி.சி. ஃபியூஸ் என்றால் சாவியையும் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பின் வயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினால் திசை சரி. ஒன்றும் காட்டவில்லை என்றால் டேப்பை எடுத்துத் திருப்பிப் போடுங்கள்.

எந்த ஃபியூஸைத் தொடலாம்? ஏ.சி.சி.க்குப் பவர் சாக்கெட், பின் வைப்பர், ஆடியோ. எப்போதும் கரண்டுக்கு ரூம் லைட் அல்லது கதவுப் பூட்டு. ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் ஈ.சி.யூ., பவர் ஸ்டீயரிங், ஃபியூயல் பம்ப், ஹெட்லைட் ஆகியவற்றின் ஃபியூஸ்களில் கை வைக்கவே கூடாது. சோதிக்கும்போது சாவியை எடுத்த உடனே அளந்து முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் சில இணைப்புகள் சாவியை எடுத்த பிறகும் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். ரூம் லைட் இணைப்பு சில கார்களில் பேட்டரியைக் காக்கத் தானாகவே அணைந்துவிடும். கதவைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

எர்த்துக்குப் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில் இறுகும் போல்ட் வேண்டும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் ஸ்குரூவில் கறுப்பு வயரை மாட்டிவிட்டு, கேமரா ஏன் அணைகிறது என்று தேடுவார்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் முடியும் போல்ட்டை விட்டுவிடுங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஏர்பேக்.

ஏ பில்லரில், அதாவது முன் கண்ணாடியின் பக்கவாட்டுத் தூணில், வயர் இறக்கும் இடத்தில் அவசரமே கூடாது. இப்போது சிறிய கார்களிலும் 6 ஏர்பேக் வருகிறது. கர்ட்டன் ஏர்பேக் ரூஃப் லைனிங்கின் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டு ஏ பில்லர் வரை இறங்குகிறது. தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் டிரிமின் இடுக்கில் வயரை விரலால் திணித்துக்கொண்டே போனால் அது ஏர்பேக்குக்கு முன்னால், பயணியின் பக்கம் கிடக்கும். விபத்தில் ஏர்பேக் விரியும்போது வயர் அதன் வழியை மறிக்கும், அல்லது வயரும் கிளிப்பும் முகத்தை நோக்கி வீசப்படும். டிரிமைக் கழற்றி, வயரை ஏர்பேக்குக்குப் பின்னால் பாடியை ஒட்டி எடுத்து, ஏற்கெனவே போகும் வயரிங்கோடு துணி டேப்பால் கட்ட வேண்டும். ஏர்பேக்கின் மேல் எதையும் கட்டக் கூடாது. கழற்றும்முன் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். உடைந்த கிளிப்பைத் திரும்பப் போடாமல் புதியது வாங்குங்கள். டிரிமைக் கழற்றத் தெரியாத கடையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

இனி பேட்டரி. இந்த ஊரில் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு என்று இருப்பவர்களின் கார் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நாள் கணக்கில் நிற்கிறது. பார்க்கிங் மோடில் ஒரு கேமரா பேட்டரியிலிருந்து சுமார் கால் ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரத்தில் 15. சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. காரின் சொந்தச் செலவையும் சேர்த்தால் பாதி காலி. 3 வயதான பேட்டரியில் பாதிக்கும் மேல். அடுத்த நாள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் அரை மணி ஓட்டத்தில் அது திரும்ப ஏறிவிடாது. அரைகுறையாகவே கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, ஆயுள் சீக்கிரம் முடிகிறது.

இதற்காகத்தான் கிட்டில் கட் ஆஃப் அமைப்பு இருக்கிறது: பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் கேமராவை அணைத்துவிடும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். பல கிட்களில் 11.6 அல்லது 11.8 என்றும் ஒரு தேர்வு இருக்கிறது; அதில் வைத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சிறிய பேட்டரிக்கு 12.4, பெரிய டீசல் பேட்டரிக்கு 12.2 என்று வையுங்கள். டைமர் இருந்தால் 12 மணி நேரம் போதும். செக்யூரிட்டியும் சி.சி.டி.வி.யும் உள்ள பேஸ்மென்ட்டில் நிற்கும் காருக்குப் பார்க்கிங் மோடை அணைத்து வைப்பதே எங்கள் சிபாரிசு. சிவாஜிநகர், அல்சூர் தெருக்களில் இரவில் வெளியே நிறுத்துபவர்களுக்கு அது தேவைப்படலாம். அப்போதும் இடித்தால் மட்டும் பதியும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது என்ஜினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட் ஸ்டாப் உள்ள கார்களில், பேட்டரியின் கரண்டைக் கணக்கிட அதன் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். கறுப்பு வயரை நேராக அந்த முனையில் மாட்டினால் கேமரா இழுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது. பாடியில்தான் மாட்ட வேண்டும். மின்சாரக் காரிலும் கேமராவுக்கு 12 வோல்ட் துணை பேட்டரிதான். உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயரின் அருகே யாரும் போகக் கூடாது.

வயரிங் முடிந்ததும் ஒரு சோதனை. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மாட்டி, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். பார்க்கிங் மோடு அணைந்த நிலையில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எஃப்.எம்.மில் இரைச்சல் வந்தால் 5 வோல்ட் டப்பாவை ரேடியோவையும் ஆன்டெனா கேபிளையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.

பணம் கொடுக்கும்முன் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண் ஃபியூஸில் டேப் இருக்கிறது, மேலே எத்தனை ஆம்பியர் என்பதைச் சர்வீஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த சர்வீஸில் எலக்ட்ரீஷியன் அந்தப் பாக்ஸைத் திறக்கும்போது, தெரியாத வயர் என்று பிடுங்கிவிடாமல் இருக்கவும், பழைய ஃபியூஸைச் சரியான பள்ளத்தில் திரும்பப் போடவும் அவருக்கு அந்த ஒரு வரி போதும்.