தறப்பாள்

தறப்பாள் (பெயர்ச்சொல்): மழையும் வெயிலும் படாமல் மூடவும், கூரையாகக் கட்டவும், நிலத்தில் விரிக்கவும் பயன்படும் பெரிய விரிப்பு.

'தார்ப்போலின்' என்ற ஆங்கிலச் சொல்தான் இலங்கைத் தமிழரான எங்கள் வாயில் தறப்பாள் ஆனது. தமிழ்நாட்டில் அதைத் தார்ப்பாய் என்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் முற்பாதி தாரேதான். கப்பற்காரர் கன்வஸ் துணியில் தார் பூசி, தண்ணீர் ஊறாமல் பார்த்துக்கொண்ட காலத்துப் பெயர் அது.

இன்று கிளிநொச்சிக் கடைகளில் தொங்கும் தறப்பாளில் தாரும் இல்லை, பருத்தியும் இல்லை. பிய்ந்த ஓரத்தைப் பாருங்கள்: பொலிஎதிலீன் நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும், அதன் இருபுறமும் அதே பிளாஸ்ரிக் மெல்லிய படையாக ஒட்டியிருக்கும். இது மழைக்கு அசையாது, சணல் சாக்கைப்போல உக்கவும் மாட்டாது. இதன் எதிரி வெயில்தான். சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர் (புற ஊதாக் கதிர்) பிளாஸ்ரிக்கின் நீண்ட காபன் சங்கிலிகளை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் ஒட்சிசன் சேர்ந்து மேலும் அரிக்கிறது. முதலில் நிறம் மங்கும். அப்புறம் தடவினால் கையில் மாப்போல ஒட்டும். மடித்த இடத்தில் வெடிக்கும். கடைசியில் சோளகக் காற்று அடித்ததும் நார் நாராகப் பறக்கும். 2009இல், போரால் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு, வெயில் குடித்த தறப்பாள் அடுத்த மழையை எப்படித் தாங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாச் செயற்கை இழையும் ஒரே மாதிரி அல்ல. பாதுகாப்புச் சேர்க்காத பொலிபுரொப்பிலீன் கயிறு மிக விரைவில் இற்றுவிடும். நைலோன் மஞ்சளித்துப் பலம் இழக்கும். பொலியெஸ்டர் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். வெயிலுக்கு நன்றாக நின்றுபிடிப்பது அக்ரிலிக். கடைவாசல் பந்தல் துணிகளுக்கு அதை எடுப்பது அதனால்தான். பொலிஎதிலீனுக்கு மலிவான காவல் நுண்ணிய காபன் கரி. ஏறத்தாழ 2 வீதம் நன்றாகக் கலந்தாலே அது கதிரை உறிஞ்சி இழையைக் காக்கும். கறுப்புத் தண்ணீர்க் குழாய்கள் வெளியில் கிடந்தும் பல வருடம் உழைப்பது இந்தக் கரியால். நீலத் தறப்பாளில் கரி சேர்க்க முடியாது. வேறு இரசாயனக் காப்புச் சேர்க்க வேண்டும். விலை குறைந்ததில் அது பெரும்பாலும் போதாது. ஆகவே வாங்கும்போது தடிப்பை மட்டும் பார்க்காமல், வெயில் காப்பு உள்ளதா என்றும் கேளுங்கள்.

தமிழில் என்ன சொல்வது? படங்கு என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. சூடடித்த நெல்லைக் காயவிட, சாக்குகளைப் பிரித்து இணைத்துத் தைத்த விரிப்பைப் படங்கு என்றே வயோதிபர்கள் சொல்வார்கள். துணியிலோ சணலிலோ செய்தது என்றால் படங்கு. பிளாஸ்ரிக்கில் வருவதை 'நெகிழிப் படங்கு' என்று எழுதலாம். பேச்சில் தறப்பாள் இருந்துவிட்டுப் போகட்டும்.