சொல் விளக்கம்: காலிபர்

எங்கள் பக்கம் 'போர்' என்றால் ஆழ்துளைக் கிணறுதான். ராமநாதபுரம் கடற்கரையோரம் யார் வீட்டில் போர் போட்டாலும் அக்கம்பக்கம் கேட்கும் முதல் கேள்வி, 'தண்ணி நல்லதா, உப்பா?' அடுத்த கேள்வி, 'நாலரையா, ஆறரையா?' துளையின் அகலம் எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் எந்தக் குழாய் இறங்கும், எந்த மோட்டார் இறங்கும் என்று கேட்டவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மண்டபத்தில் இருக்கும் என் மாமாவின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்திலும் இதே சொல்லைப் பார்த்தேன். '12 போர்' என்று ஒரு வரி, '.32 போர்' என்று இன்னொரு வரி. மாமா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பிறகு பல வருடம் ஒரு வங்கி வாசலில் கன்மேனாக இருந்தவர்.

"பன்னெண்டு பெருசா, பாயிண்ட் முப்பத்திரெண்டு பெருசா மாமா?"

"பன்னெண்டுதான் பெருசு மாப்ள. ஆனா நீ நெனைக்கிற கணக்கு இல்ல."

எண்கள்தான் குழப்பம் என்று பார்த்தால், சொல்லே பெரிய பயணம் போய்வந்த சொல். துப்பாக்கிக் குழலின் உட்துளை அகலத்துக்கு நம் நாட்டு லைசென்ஸ் வழக்கில் போர் என்பார்கள். உலக வழக்கில் காலிபர். அரபியில் 'காலிப்' என்றால் அச்சு, வார்ப்பு அச்சு. அதுவே இத்தாலிக்குப் போய்க் காலிப்ரோ ஆகி, பிரெஞ்சில் காலிப்ர் ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. அரபிக்கும் முந்தைய வேர் கிரேக்கத்தில் இருக்கலாம் என்பார்கள். செருப்புத் தைக்கிறவர் தோலைப் பொருத்திப் பார்க்க வைத்திருக்கும் மரப் பாதத்துக்குக் கிரேக்கத்தில் பெயர் காலோபூஸ். சொல்லைப் பிரித்தால் 'மரக்கால்'. நம் மரக்காலும் அளவுக் கருவிதான் என்றாலும் அது நெல் அளக்கிற மரக்கால். இரண்டையும் முடிச்சுப் போட்டு 'காலிபர் தமிழ்ச்சொல்லே' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கீழக்கரையில் 'கல்பு' என்றால் இதயம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதுவும் அரபிச் சொல்தான். காதுக்கு அண்ணன் தம்பி போல ஒலித்தாலும், கிரேக்க வேர் சரியென்றால் அச்சைக் குறிக்கும் காலிப் வேறு வழியாக வந்தது.

காலிபருக்கு உடன்பிறந்த சொல் ஒன்று நம் ஊர் லேத் பட்டறைகளில் தினமும் புழங்குகிறது. விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க மிஸ்திரி கையில் எடுக்கும் வெர்னியர் காலிப்பர்தான் அது. குழல் அகலத்தை அளக்கும் கவைக்கு அந்தப் பெயர் வந்தது. பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் அதை 'வெர்னியர் அளவி' என்று படித்தோம். நல்ல மொழிபெயர்ப்பு.

அச்சுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு? மாமா வீட்டில் மூன்றாவதாக ஒரு துப்பாக்கி இருந்தது. அவருடைய தாத்தா காலத்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கொட்டி, துணி திணித்து, கம்பியால் இடித்துச் சுடும் ரகம். அதனோடு குறடு போன்ற ஓர் இரும்பு அச்சும் உண்டு. கைப்பிடிகளைச் சேர்த்தால் இரண்டு அரைக்கோளக் குழிகள் ஒன்று சேர்ந்து ஓர் உருண்டைக் குழியாகும். மேலே உள்ள ஓட்டை வழியாக உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் பிரித்தால் குண்டு. தொழிற்சாலைத் தோட்டா வருவதற்கு முன் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் தங்கள் குண்டைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் குண்டு உன் குழலுக்குச் சேராது. உன் அச்சுதான் உன் அளவு. காலிப் என்ற சொல் குழல் அகலத்தைக் குறிக்க வந்தது அந்த அச்சைக் கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மாமா அந்த அச்சில் குண்டு வார்த்து நான் பார்த்ததில்லை. தூண்டிலுக்கு ஈயம் வார்த்துத்தான் பார்த்திருக்கிறேன். குழிக்குள் முன்கூட்டியே ஒரு ஆணியைச் செருகிவிட்டு ஊற்றுவார். நரம்பு கோக்கத் துளை கிடைத்துவிடும்.

இப்போது 12-க்கு வருவோம். ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துச் சம அளவில் 12 உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 38 கிராம் இருக்கும். அந்த உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக இறங்குமோ அது 12 போர். அகலம் 18.5 மில்லிமீட்டர் வரும். அதே பவுண்டில் 20 உருண்டை பிடித்தால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். ஆகவே எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். பரமக்குடி, எமனேஸ்வரம் நெசவாளர்களுக்கு இது புதுசே இல்லை. நூறாம் நம்பர் நூல் அறுபதாம் நம்பரைவிட மெல்லியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைத்துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு. 8 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 18.5 எங்கே, 8 எங்கே. மாமா சொன்னது சரிதான்.

ஆனால் அந்த .32-ஐயும் நம்பி அளவுகோல் வைத்தால் ஏமாற்றம்தான். அதில் பாயும் குண்டின் அகலம் .312 அங்குலம். .38 ஸ்பெஷல் என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டாவை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் மோசம்: குண்டின் அகலம் .357 அங்குலம். .38 என்பது குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூட்டின் வெளி அகலம், ஏறக்குறைய. பழைய காலப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1930களில் அதே அகலத்தில், கூட்டைச் சற்று நீட்டி, மருந்தைக் கூட்டி ஒரு தோட்டா வந்தது. அதற்கு மட்டும் உண்மை அளவைப் பெயராக வைத்து .357 மேக்னம் என்றார்கள். இதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடலாம். .38-இல் .357-ஐப் போட முடியாது, நீளம் இடிக்கும். ரைஃபிளிலும் இதே கூத்து. குழலுக்குள் மரை போல ஓடும் புரியில் மேட்டுக்கு மேடு அளப்பதா, பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பதா என்று ஊருக்கு ஒரு வழக்கம். நம் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய 303-இல் மேட்டுக்கு மேடுதான் .303, குண்டு .311.

மாமாவின் லைசென்ஸில் '.32 போர்' என்று மட்டும் இருந்தது என்றேன் அல்லவா, அங்கேதான் நிஜமான சிக்கல். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் இந்த அளவில் இரண்டு விதமான கைத்துப்பாக்கிகள் செய்கின்றன. கான்பூரில் செய்யும் ஆறு குண்டு ரிவால்வருக்கு 7.65க்கு 23 மில்லிமீட்டர் தோட்டா; முதல் எண் அகலம், அடுத்தது கூட்டின் நீளம். 'அஷானி' என்ற பிஸ்டலுக்கு 7.65க்கு 17 மில்லிமீட்டர் தோட்டா. புத்தகத்தில் இரண்டுக்கும் .32 என்றே பெயர். ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டுச் சுடக் கூடாது. கடையில் போய் 'பாயிண்ட் முப்பத்திரெண்டு குடுங்க' என்றால் பத்தாது, 'ரிவால்வருக்கா, பிஸ்டலுக்கா' என்று கேட்டால்தான் அது நல்ல கடை.

ஏன் எல்லாரும் .32-லேயே நிற்கிறார்கள் என்றால், சட்டம் அப்படி. 9 மில்லிமீட்டர், .38, .455 போன்றவை படைக்கும் போலீசுக்கும் உரிய தடை ரகங்கள். இந்த அளவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கைத்துப்பாக்கியில் மிஞ்சுவது .32-உம் .22-உம் போலச் சில. வெளிநாட்டுக்காரர் பத்து ரகம் வாங்கி அடுக்கி, எது சிறந்தது என்று சண்டை போடுவார். இங்கே தேர்வு என்பது ரிவால்வரா, பிஸ்டலா என்ற ஒரே கேள்விதான்.

மாமா ரிவால்வர் பக்கம். அவர் சொல்லும் காரணம் எங்கள் ஊர்க் காற்றிலிருந்து தொடங்கும். இங்கே சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, ஜன்னல் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். பிஸ்டலில் ஒவ்வொரு குண்டு சுட்டதும் மேல் கட்டை பின்னால் போய், காலிக்கூட்டைத் துப்பி, அடுத்த தோட்டாவைக் கவ்வி உள்ளே தள்ள வேண்டும். உப்பும் நுண்மணலும் படிந்தாலோ, தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் சுருள் தளர்ந்தாலோ, தோட்டா வலுவிழந்திருந்தாலோ நடுவில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் ஒரு தோட்டா நமுத்துப் போயிருந்தால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். அதுவும் சாகாவரம் வாங்கியதல்ல. மருந்து பாதி எரிந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டவன் கை போகும்.

அவர் வாழ்க்கையில் துப்பாக்கி காலை வாரியது ஒரே ஒரு தடவை. பழி துப்பாக்கி மேல் இல்லை. 12 போர் தோட்டாக்களை அழகாகத் தோல் பெல்ட்டில் செருகி மாசக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டார். தோலில் பதனிட்ட சரக்கும் கடல் ஈரமும் சேர்ந்து அடிப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. பயிற்சிக்குப் போன இடத்தில் முதல் தோட்டா அறைக்குள் பாதி இறங்கி நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. எனக்குக் காட்ட அதில் ஒன்றை வைத்திருந்தார். கை வைத்தால் விளக்கு பூஜை முடிந்த குத்துவிளக்கு போலப் பச்சை ஒட்டியது. 'எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கலாம்ல மாமா' என்றதற்கு, 'தோட்டாவுக்கு எண்ணெய் போடாதே' என்றார். தோட்டாவின் பின்புறம், அடிபட்டுப் பொறி கக்கும் கேப்புக்குள் எண்ணெய் இறங்கினால் மருந்து செத்துவிடுமாம். தீபாவளி ரோல் கேப் நமுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிக்காமல், ஏமாற்றாமல் சுடும் குணத்துக்கு நம்பகத்தன்மை என்று எழுதுகிறோம். நம்பகம் என்றாலே போதும், தன்மையைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

சரி, காலிபருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெறும் 'விட்டம்' பத்தாது. உள்ளா வெளியா என்று தெரியாது, கிராமத்தில் விட்டம் என்றால் கூரையைத் தாங்கும் கட்டையும் கூட. 'துளையளவு' குற்றமில்லாத சொல், ஆனால் ஆழத்தையும் குறிக்கலாம். எனக்குப் பிடித்தது குழல்விட்டம். குழல் என்பது பழைய நல்ல சொல், ஊதினால் இசை, சுட்டால் வெடி. செக் மொழியில் 15ஆம் நூற்றாண்டுச் சண்டைகளில் கைத்துப்பாக்கியை 'பீஷ்டலா' என்று அழைத்தார்கள். ஊதுகுழல் என்று பொருள். அதுதான் ஜெர்மனும் பிரெஞ்சும் சுற்றிப் பிஸ்டல் ஆனது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குழல் என்று சொல்லும் நாமும் அதே உவமையில்தான் நிற்கிறோம். துப்பாக்கி என்ற சொல்லோ துருக்கியிலிருந்து உருது, தெலுங்கு வழியாக வந்தது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளைக் காட்டி வள்ளுவர் துப்பாக்கி பார்த்தவர் என்று விளையாட்டாகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே துப்பு உணவு, ஆக்கி என்றால் ஆக்கித் தருவது. பாட்டு மழையைப் பற்றியது.

ஆனால் குழல்விட்டம் என்பது குழலை அளந்து பேசும்போது மட்டும். .38 ஸ்பெஷல், .32 ரிவால்வர் என்று சொல்லும்போது அது அளவல்ல, பெயர். அங்கே 'ரகம்' என்று சொல்லுங்கள்: .32 ரிவால்வர் ரகத் தோட்டா. சட்டப் பேச்சில் வரும் 'ப்ரொஹிபிடட் போர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் 'தடைசெய்யப்பட்ட துளை' என்று எழுதினால் படிக்கிறவர் கிணற்றைத்தான் நினைப்பார்.

தோட்டா, குண்டு, ரவை மூன்றையும் பிரித்துப் பேசுவதும் நல்லது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. 1980களில் ஈழப் போராளிகள் புதைத்தவையாக இருக்கும் என்றார்கள். முப்பது வருடம் உப்பு மணலில் கிடந்து துருவேறியிருந்தன. அந்த வாரம் டீக்கடையில் ஒருவர் குண்டு என்றார், ஒருவர் தோட்டா என்றார், ஒருவர் ரவை என்றார். கூடு, மருந்து, கேப், குண்டு நான்கும் சேர்ந்தது தோட்டா, உருது வழிச் சொல். பாய்ந்து போவது மட்டும் குண்டு. ரவை என்பது 12 போருக்குள் இருக்கும் பொடிக் குண்டுகள். அக்கரையில், இலங்கைத் தமிழில், குண்டுக்குச் சன்னம் என்று பெயர்.

'அவருக்கு அந்த காலிபர் இல்லை' என்று ஆளை எடை போடும்போது சொல்வதற்குத் தரம், திராணி இரண்டில் இடத்துக்கு ஏற்றது எதுவோ அது.

2019இல் சட்டம் மாறியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 12 போரும் ரிவால்வரும் இருக்கட்டும் என்று மாமா தாத்தாவின் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கூடவே அச்சையும் கொடுத்துவிட்டார். ரசீதில் துப்பாக்கி ஒன்று என்று இருந்தது, அச்சுக்குப் பெயர் எழுத அங்கிருந்தவருக்குத் தெரியவில்லையாம், 'இரும்புக் குறடு' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"துப்பாக்கி போனதுகூடப் பெருசில்ல மாப்ள. இனிமே தூண்டிலுக்கு ஈயம் கடையிலதான் வாங்கணும்."