சின்ன விடுதி கட்டினால் பசுமைச் சுற்றுலா ஆகிவிடுமா?

மறுபடியும் ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. நீடித்த சுற்றுலா பற்றிய ஆய்வேடு. முதல் அத்தியாயத்தில் நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்று சொல்லும், 1987ஆம் ஆண்டு ஐ.நா. ஆணையத்தின் ப்ரண்ட்லண்ட் அறிக்கையின் வரையறை, அதற்குக் கீழே சூழல், சமூகம், பொருளாதாரம் என்று ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள், பக்கத்தைத் திருப்பினால் நேராக வினாநிரல். இடையில் நடந்த அத்தனை ஆராய்ச்சியும் எங்கே போயிற்று? (அந்த அறிக்கை சுற்றுலாவைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.) மதிப்பீட்டுக்கு வரும் திட்ட அறிக்கைகளும் இதே அச்சில்தான் வருகின்றன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950இல் எல்லை கடந்த சுற்றுலாப் பயணங்கள் உலகம் முழுக்கச் சுமார் 2.5 கோடி, 2019இல் சுமார் 146 கோடி. 1960களின் ஆய்வாளர்களுக்கு இது வேலையும் அந்நியச் செலாவணியும் கொண்டுவரும் தொழிலாக மட்டுமே தெரிந்தது. 1970களில் எச்சரிக்கைக் குரல்கள் எழுந்தன. 1980களில் மாற்றுச் சுற்றுலாவைத் தேடினார்கள். அதன் பிறகுதான் நல்லதா கெட்டதா என்ற சண்டையை ஓரம்கட்டிவிட்டு அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். இப்படிக் கட்டம் கட்டமாக வகுத்துக் காட்டியவர் சுற்றுலா ஆய்வாளர் ஜஃபார் ஜஃபாரி. ஒரு சுற்றுலாத்தலம் வெளியுலகின் கண்ணில் பட்டு, வளர்ந்து, முற்றி, தேங்கி, பிறகு சரியும் அல்லது புத்துயிர் பெறும் என்று 1980இல் ரிச்சர்ட் பட்லர் ஒரு வளைகோடு போட்டார். 1993இல் நீடித்த சுற்றுலாவுக்கென்றே தனி ஆய்விதழ் வந்தது. இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும்.

இனி என்னைப் பாடாய்ப் படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பெருங்கூட்டம் வந்தால் கெட்ட சுற்றுலா. காட்டுக்குள் பத்து அறை, மூங்கில் கூரை, நாலு பேர் வந்தால் நல்ல சுற்றுலா. இந்த எண்ணம் 1980களைச் சேர்ந்தது. சின்னச் சின்ன ஏற்பாடுகள் இத்தனை பெரிய கூட்டத்துக்குத் தீர்வாகாது என்று 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர் பிரையன் வீலர் சாடினார். 1997இல் ஜாக்கி கிளார்க் இன்னும் தெளிவாக வகுத்தார்: முதலில் பெருஞ்சுற்றுலாவையும் நீடித்த சுற்றுலாவையும் எதிரெதிர்த் துருவங்களாகப் பார்த்தார்கள், பிறகு ஒரே கோட்டின் இரு முனைகளாகப் பார்த்தார்கள், அடுத்து பெருஞ்சுற்றுலாவும் திருந்த வேண்டும் என்றார்கள், கடைசியில் எந்த அளவிலான சுற்றுலாவும் எட்ட முயல வேண்டிய இலக்குதான் நீடித்த தன்மை என்ற முடிவுக்கு வந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் அறிக்கைகள் இன்னும் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒதுக்குப்புறத் தீவில் ஒரு சின்ன விடுதி. விருந்தினர் கண்டம் தாண்டி விமானத்தில் வருகிறார், அங்கிருந்து வேகப்படகு. மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர். காய்கறி முதல் கழிவறைத் தாள் வரை படகில் வர வேண்டும், குப்பை படகில் திரும்ப வேண்டும். கழிவுநீருக்கு ஒரு குழி. இன்னொரு பக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டல். விருந்தினர் ரயிலில் வருகிறார்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் எது தேறும்? செஷல்ஸ் தீவுகளின் சுற்றுலாவை 2002இல் ஸ்டெஃபன் கோஸ்லிங் குழுவினர் அளந்தபோது, அதன் சூழலியல் சுவட்டில் (இயற்கையின் மீது அது ஏற்றும் சுமையின் அளவு) ஆற்றல் சார்ந்த பகுதியில் 97 விழுக்காட்டுக்கும் மேல் விமானப் பயணத்தின் பங்காக இருந்தது. கூரை மூங்கிலா கான்கிரீட்டா என்பதெல்லாம் மீதிச் சொச்சத்தில்தான். உலக அளவில் பார்த்தால், பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சுற்றுலாவால் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. இன்னொன்றும் உண்டு. இன்றைய ஒதுக்குப்புற விடுதி பட்லரின் வளைகோட்டில் தொடக்கப் புள்ளி. நாளைய கூட்டத்துக்குப் பாதை போடுவது அதுதான்.

அடுத்தது தாங்குதிறன். ‘இந்த இடம் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும், ஒரு எண் சொல்லுங்கள்' என்று கேட்காத அதிகாரி இல்லை. ஆலன் வேகர் 1964இலேயே இதை ஆராய்ந்து, மனிதர்களின் விருப்பங்களைச் சேர்க்காமல் விடை வராது என்று கண்டார். 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றிவிட்டார்கள்: எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்கத் தயார்? தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018இல் மூடப்பட்டு 2022இல் திறந்தபோது, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததோடு நிற்கவில்லை; படகுகளைத் தீவின் மறுபக்கம் நிறுத்தச் சொன்னார்கள், நீந்தத் தடை போட்டார்கள். பவளத்தை உடைப்பது நங்கூரம் என்றால் தலையை எண்ணி மட்டும் என்ன செய்வது?

இப்போது அந்த வினாநிரல். ‘சுற்றுச்சூழலைப் பேணும் விடுதிக்குக் கூடுதல் பணம் தருவேன்.' எதிரே ஐந்து கட்டங்கள். எல்லாரும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' கட்டத்தில் டிக் போடுவார்கள், ஆய்வேடு எழுதுகிறவர் ‘பயணிகளிடையே விழிப்புணர்வு அதிகம்' என்று முடித்துவிடுவார். எமில் யுவானும் சாரா டோல்னிச்சாரும் 2014இல், வீட்டில் சுற்றுச்சூழலுக்காக உழைக்கிறவர்களிடமே விடுமுறை பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்கும் சாக்குகள் தயாராக இருந்தன: மற்றவர்கள் இதைவிட மோசம், வேறு வழியில்லை, விடுமுறைதானே. துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி ஓட்டல் குளியலறையில் வைக்கும் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சூழலைக் காப்போம்' என்ற அட்டையைவிட ‘பெரும்பாலான விருந்தினர்கள் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள்' என்ற அட்டை நன்றாக வேலை செய்ததாக 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஜெர்மனியில் செய்து பார்த்தபோது அந்த மேம்பாடு கிடைக்கவில்லை. (முதல் ஆய்வை மேற்கோள் காட்டாத ஆளில்லை, இரண்டாவதைப் படித்தவர் அபூர்வம்.) நார்வே ஓட்டல்களிலோ அறிவுரையே சொல்லாமல் பஃபே தட்டைச் சிறியதாக்கினார்கள், உணவு வீணாவதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

ஆகவே மாணவர்களே, ‘செய்வீர்களா' என்று கேட்காதீர்கள். செய்வதை எண்ணுங்கள், எடை போடுங்கள், மீட்டரைப் பாருங்கள். மூன்று வட்டம் வரைந்தே தீர வேண்டுமென்றால் வரையுங்கள், ஆனால் அதற்கு முன் வந்து சேரும் பயணத்தின் தூரத்தையும் வாகனத்தையும் எழுதுங்கள். பரிந்துரையில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று எழுதக் கை போனால் அங்கேயே நிறுத்துங்கள்.

திட்டம் போடுகிறவர்களே, எண் கேட்பதற்கு முன்னால் எதை இழக்கத் தயாரில்லை என்று அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பயணம் போகிறவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள்தான். முடிந்தால் பக்கத்தில் போங்கள். தூரம் போவதென்றால் அடிக்கடி போகாமல் ஒரே முறை போய்க் கூடுதல் நாள் தங்குங்கள். பசுமை விடுதி என்று காட்டும் இலைச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கொடுத்தது யார், வெளியாட்கள் வந்து சோதித்தார்களா என்று வரவேற்பறையில் ஒரு கேள்வி கேளுங்கள்.

மேசையில் இருக்கும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புகிறேன். பயணத் தூரத்துக்கு ஒரு அட்டவணை சேர்த்தால் மறுபடி பார்க்கலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.